ஒரே பாடத்திட்டம், இரண்டு பிள்ளைகள்: ஒருத்திக்குப் போதவில்லை, ஒருத்தனுக்கு ஏறவில்லை

தக்கலைக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் எழுதத் துணிந்தேன்.

வீடு தக்கலை பக்கம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. கணவர் குவைத்தில் இருக்கிறார். போன ஜூனில் இரண்டு பேரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். ஏன் நிறுத்தினேன் என்பது பெரிய கதை. மகனைப் பாதி நாள் வகுப்பில் எழுப்பியே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாத பயத்தில், வெளிநாட்டுப் பாடத்திட்டம் ஒன்றைப் பெட்டியோடு வாங்கினேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 38,000 ரூபாய். பாடப் புத்தகம், பயிற்சித் தாள், எனக்கு ஒரு கையேடு, 36 வாரத்துக்கு நாள்வாரியாக அட்டவணை. பெட்டியைப் பிரித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மகள் வாசிப்புப் பாடம் முழுவதையும் நான்கே மாதத்தில் முடித்துவிட்டாள். கையில் எது கிடைத்தாலும் வாசிப்பாள், மளிகைக் கடைப் பொட்டலத் தாள் உட்பட. ஆனால் கணக்கு என்றால் முகம் மாறிவிடும், பின்னம் வந்தால் அழுகைதான். மகன் நேர் எதிர். வாயால் கேட்டால் 17-ம் 8-ம் எவ்வளவு என்று டக்கென்று சொல்வான். அதையே தாளில் கொடுத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான். தமிழ் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். அவனுடைய கணக்குப் புத்தகத்தில் காசு என்றால் அமெரிக்க நாணயங்களான நிக்கல், டைம். படத்தில் பனிமனிதன். "அம்மா, இந்த ஆள் ஏன் உருகல?" என்று கேட்டானே தவிர, அவன் சட்டையில் எத்தனை பட்டன் என்று எண்ணவில்லை.

மகளுக்கு அதே கம்பெனியில் அடுத்த வகுப்பு வாங்கவா? மகனுக்கு வேறு கம்பெனியா? இல்லை, இரண்டு பேருக்கும் சமச்சீர் புத்தகத்துக்கே வந்துவிடலாமா? இப்போதே மாமியார், "பிள்ளைகள வீட்டுல வச்சு அப்பிடி என்ன படிப்பு?" என்று தினமும் கேட்கிறார்கள். இன்னொரு பெட்டி வந்தால் என் கதை முடிந்தது.


கடியபட்டணத்துக்காரர் எழுதியது:

தங்கச்சி, இன்னொரு பெட்டி வேண்டாம். ஆனால் பெட்டியே வேண்டாம் என்று என்னைப் போல எதிர்ப்பக்கம் போய் விழுந்துவிடாதே.

எங்களுக்குக் கடல் தொழில். என் மகனுக்கு ஏழு வயதில் நான் எந்தப் பாடத்திட்டமும் வைக்கவில்லை. கடலே அவனுக்குப் புத்தகம் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். உண்மையிலேயே கற்றுக்கொண்டான். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வான். மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்வைத்து, வலை விட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பது எப்படி என்று பாட்டாவிடம் (தாத்தாவிடம்) கேட்டுக் கேட்டுப் படித்தான். மீன் ஏலத்தில் சாளைக் கூடை விலை போகிற வேகத்துக்கு மனக்கணக்குப் போடுவான். ஆனால் ஒன்பது வயதில் ஒரு நாள், கூட்டாளி வீட்டுக் கல்யாணக் கார்டை வாசிக்கச் சொன்னார்கள். முடியவில்லை. அதற்கப்புறம் மூன்று நாள் அவன் கரைக்கே வரவில்லை.

அந்த இரண்டு வருடத்தைப் பிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. எதை விட்டாலும் வாசிப்பை மட்டும் தினமும் விடாதே.


குலசேகரத்து டீச்சர் எழுதியது:

தங்கச்சி, நீ எழுதியதை வாசித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பனிமனிதன் எங்கள் வீட்டுக்கும் வந்தவன்தான். நான் தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். மூன்று பிள்ளைகள். முதல் வருடம் வீட்டில் மணி அடித்து, பீரியட் பிரித்து, ஹாலில் கரும்பலகை மாட்டி நடத்தினேன். நவம்பருக்குள் மூத்தவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

உன் கேள்விக்கு நேராக வருகிறேன். அடுத்த வகுப்புப் பெட்டி என்று ஒன்று உன் மகளுக்குக் கிடையாது. வாசிப்பில் அவள் ஏழாம் வகுப்பு. பின்னத்தில் மூன்றாம் வகுப்பாக இருக்கலாம். வரலாற்றில் எந்த வகுப்பும் இல்லை, கொடுத்ததைத் தின்பாள். பெட்டி விற்பவனுக்கு இது தோதுப்படாது. அவன் பிள்ளையின் எல்லாப் பாடத்துக்கும் ஒரே நம்பர் போட்டால்தான் விற்க முடியும். உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எங்கள் வீட்டில் நான் செய்தது இவ்வளவுதான். கணக்கு, வாசிப்பு இரண்டையும் மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, வரிசை மாறாமல் நடத்தினேன். அவை படிக்கட்டு மாதிரி, ஒன்றைத் தாண்டிக் கால் வைத்தால் பின்னால் சறுக்கும். அறிவியல், வரலாறு, புவியியல் எல்லாம் மூன்று பேருக்கும் ஒன்றாகத்தான். ஒரே இடத்துக்குப் போவோம், ஒரே கதையைக் கேட்பார்கள், அவரவருக்கு முடிந்ததைச் செய்வார்கள்.

நீ தக்கலையில் இருந்துகொண்டு பனிமனிதனிடம் போயிருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உதயகிரிக் கோட்டை உனக்கு எட்டின தூரம். 1741 ஆகஸ்ட் 10-ல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, தளபதியாகி, 1777-ல் இறந்து, அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. என் மூத்தவள் தமிழ் வரிகளை நோட்டில் அப்படியே பிரதி எடுத்து வந்து, எந்த எழுத்து இன்றைக்கு மாதிரி இல்லை என்று ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தாள். எதிரியிடமே வேலைக்குச் சேர்ந்தது சரியா என்று இரண்டு பக்கம் எழுதினாள். அதே நாளில் நடுவுலவன் வீட்டு முற்றத்தில் மண்ணைக் குவித்துக் கோட்டை கட்டி, கடல் எந்தப் பக்கம், கப்பல் எங்கே நின்றது என்று சிரட்டையை வைத்துக் காட்டினான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், பத்து வரி. சின்னவள் கோட்டை மதிலில் ஓடினாள், அவளுக்கு அன்றைக்கு அதுவே பாடம். (பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் போடுகிறாய் என்றால் திங்கள்கிழமை போகாதே, அன்றைக்கு அடைப்பு. மூன்று பிள்ளைகளோடும் தூக்குவாளியில் எலுமிச்சம் சாதத்தோடும் வாசலில் நின்றிருக்கிறேன்.)

இப்போது உன் மகளின் பின்னம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் மூத்தவளும் இதே ரகம். சொல் என்றால் உயிர், எண் என்றால் ஓட்டம். நான் கணக்கு டீச்சர் என்ற திமிரில் வட்டம் போட்டு, பிட்சா போட்டு, கோடு போட்டு எல்லாம் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் சந்தையில் பாட்டா "அரைக்கால்" என்று ஏதோ பேச்சில் சொன்னார். அவள் பிடித்துக்கொண்டாள். அரையா, காலா, எது? அப்படிக் கேள், அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று என்றேன். ஒரு நிமிடம் பேசாமல் நின்றாள். அப்புறம், "அப்போ முக்கால்னா மூணு கால், அதுதான் மூணு பெருக்கல் கால். அரைக்கால்னா அரை பெருக்கல் கால். பேரிலேயே கணக்கு இருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் நான் தள்ள வேண்டியிருக்கவில்லை. அரைக்காலில் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. முந்திரி என்றால் 320-ல் ஒன்று. எப்படி 320 வந்தது என்று அவளே கண்டுபிடித்தாள்: மாகாணியில் ஒரு மா. பதினாறும் இருபதும் பெருக்கினால் சரியாக வரும். பின்னப் பெருக்கலுக்கு நான் பள்ளியில் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வேன். இவள் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டு, முந்திரிக்கும் முந்திரிப் பருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைத் துளைத்தாள். கூட்டல் அவ்வளவு சுலபமாக வரவில்லை, அதற்குக் காகிதத்தை மடித்து வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மந்திரம் என்று நினைத்துவிடுவாய்.

எந்தப் படியில் நிற்கிறாள் என்று தெரிய, சமச்சீர் மூன்றாம் வகுப்புக் கணக்கில் பின்னப் பாடத்தின் கடைசிப் பயிற்சியைக் கொடு. பத்தில் எட்டு வந்தால் நான்காம் வகுப்புக்குப் போ. வராவிட்டால் அங்கேயே நில். புத்தக அட்டையில் இருக்கும் வகுப்பு எண்ணை ஒரு தாள் ஒட்டி மறைத்துவிடு. பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகம் என்றால் அவமானமாக இருக்கும்.

மகனுக்கு: கணக்கையும் எழுதுவதையும் பிரி. கணக்கு அவனுக்கு வருகிறது, பென்சில்தான் வரவில்லை. ஒரு வருடத்துக்கு அவன் சொல்லட்டும், நீ எழுது. எழுத்துப் பயிற்சி தனியாக, வேறு நேரத்தில், ஐந்து நிமிடம். சார்லட் மேசன் என்று ஓர் ஆங்கிலேயக் கல்வியாளர், நூறு வருடத்துக்கு முன்பே சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டிக் குட்டிப் பாடம்தான் என்றும், கேட்டதை வாயால் திரும்பச் சொல்ல வைத்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். பத்து நிமிடம் உட்காருகிறான் என்றால் பாடம் எட்டு நிமிடம். அவன் எழுந்திருப்பதற்கு முன்னால் நீ எழுந்திரு.

தமிழ் வாசிப்பில் எங்கே தடுமாறுகிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார். எங்கள் நடுவுலவனுக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும்தான் வினை. கெ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. கொ என்றால் இரண்டு பக்கமும் வேலி. நமக்குப் பழகிப்போனதால் கண்ணில் படவில்லை. 247 எழுத்துச் சார்ட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். ட, ப, ம, ர என்று தொடங்கி படம், மரம், பட்டம் என்று சொல்லாகவே வாசித்தான். கொம்பை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதினேன். ஒன்பது வயதில்தான் சரளமாக வாசித்தான். அதுவரை நான் எத்தனை ராத்திரி அழுதிருப்பேன் என்று கணக்கில்லை.

எட்டு, எட்டரை வயதிலும் இதே தடுமாற்றம் என்றால் நீயாக ஒரு பெயர் வைக்காதே, விவரம் தெரிந்தவர்களிடம் காட்டு. காட்டுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கற்றல் குறைபாடு என்று சான்று இருந்தால் பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் எழுதித் தர ஆளும் கேட்டு வாங்கலாம்.

கடைசியாக, எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. நடுவுலவனின் கணக்குப் புத்தகம் இரண்டு வருடம் அதுதான். ஷீட் அடிக்க ரப்பர்ப் பாலில் தண்ணீர் கலந்து தட்டில் ஊற்றுவோம், ஒரு தட்டுக்கு நாலு லிட்டர். காய்ந்தால் அரைக் கிலோ ஷீட். இத்தனை லிட்டர் என்றால் இத்தனை தட்டு, இத்தனை ஷீட், இத்தனை கிலோ, இன்றைய விலைக்கு இத்தனை ரூபாய். மழை வந்தால் மரத்தில் பால் வெட்டு இல்லை, அப்போது மாத வருமானம் எவ்வளவு குறையும். பெருக்கல், வகுத்தல், தசமம் எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. பால் உறைய ஆசிட் ஊற்றும்போது மட்டும் அவனைப் பத்தடி தள்ளி நிறுத்துவேன்.

கடியபட்டணத்து அண்ணன் சொன்னதும் சரிதான். தோட்டத்தில் வந்த கணக்கை வாரம் இரண்டு நாள் தாளிலும் போட வைத்தேன். அதற்குச் சமச்சீர் புத்தகம்தான் உதவியது. பயிற்சியில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் போடச் சொல்வேன்.


ஓய்வு பெற்ற வாத்தியார், நாகர்கோவில்:

நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் இருந்தவன். வீட்டுக் கல்வியில் எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை. வாய்ப்பு இருந்தால் அந்தப் பையனை வீட்டுக்கு அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒரு தடவை காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். சரி, நீங்கள் கேட்டது அது இல்லை.

டீச்சரம்மா சொன்ன ஒரு விஷயத்தோடு ஒட்டிச் சொல்கிறேன். பிள்ளையை வகுப்பை வைத்துப் பார்க்காமல் எட்டிய நிலையை வைத்துப் பார்ப்பது வீட்டில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. 2022-ல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒரே வகுப்பறைக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை பிரித்து, மூன்றுக்கும் வேறு வேறு பயிற்சி. உங்கள் மகன் தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். கீழ் வகுப்புப் பாடநூல்கள் பருவம் பருவமாகப் பிரித்துத்தான் வருகின்றன, கனமும் குறைவு. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 38,000 ரூபாய்க்கு அப்புறம் இதைக் கேட்பது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அதன் 10-வது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 4-வது பிரிவின்படி, இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் திரும்பச் சேர்க்கலாம். ஆகவே மனம் மாறினால் வழி அடைபடவில்லை. மாற்றுச் சான்றிதழை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

பின்னால் தேர்வுக்கு இரண்டு வழி. பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அல்லது 14 வயது முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் நேராகப் பத்தாம் வகுப்பு. அங்கே ஐந்து பாடம் எடுத்தால் போதும், ஒன்று மொழியாக இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். தமிழ் வழியும் உண்டு. கணக்கு வராத பிள்ளைக்கும் எழுத வராத பிள்ளைக்கும் அந்த இடைவெளி பெரிய உபகாரம். உங்கள் மகளுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. இப்போதே பத்தாம் வகுப்பை நினைத்துப் பாடத்திட்டம் தேட வேண்டாம்.


தக்கலைக்காரி எழுதியது:

அக்கா, அண்ணன், சார், மூன்று பேருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், கோபிக்க வேண்டாம்.

பெட்டியில் மகளுக்கான வாசிப்புப் புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றதை மார்த்தாண்டத்தில் ஓர் அம்மா பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். பனிமனிதனைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அரைக்கால் கதையை மகளிடம் சொன்னேன். முதலில் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மாமியாரிடம் போய், உங்களுக்கு மாகாணி தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். மாமியார் வாயெல்லாம் பல்லாக, அவர் சின்ன வயதில் ஒப்பித்த வாய்ப்பாட்டைப் பாட்டு மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம். நான் சாயா கொண்டுபோய் வைத்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புப் பயிற்சியில் பத்துக்கு ஆறுதான். அங்கேயே நிற்கிறோம்.

மகனைத்தான் கேட்க வந்தேன் அக்கா. வேர்கிளம்பியில் எங்கள் அப்பாவுக்கு ரப்பர் இருக்கிறது. சனிக்கிழமை அழைத்துப் போனேன். அன்றைக்கு 12 லிட்டர் பால். நாலு லிட்டருக்கு ஒரு ஷீட் என்று நீங்கள் சொன்னதை முன்பே சொல்லி வைத்திருந்தேன். மூணு ஷீட் என்று பாட்டாவிடம் பந்தயம் கட்டினான். பாட்டா எட்டு தட்டு எடுத்து வைத்தார். எட்டிலும் பால். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "நீ பொய் சொன்னே, அந்த அத்தையும் பொய் சொன்னாங்க" என்று ஒரே சண்டை. எனக்கே புரியவில்லை. எங்கே தப்பு?


குலசேகரத்து டீச்சர் எழுதியது:

தப்பு என்னுடையது, அவனிடம் சொல்லிவிடு. நாலு லிட்டர் என்பது தண்ணீர் கலந்த பிறகு உள்ள அளவு. வாளியில் வந்த 12 லிட்டரும் கறந்த மாதிரி கெட்டிப் பால், அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ரப்பர். உங்கள் அப்பா அதில் கிட்டத்தட்ட 20 லிட்டர் தண்ணீர் சேர்த்திருப்பார். மொத்தம் 32 லிட்டர், அதுதான் எட்டு தட்டு. பந்தயத்தில் அவன் தோற்றது எவ்வளவு?

அடுத்த சனிக்கிழமை தண்ணீரை அவனையே அளந்து ஊற்றச் சொல். ஊற்றுவதற்கு முன்னால் எத்தனை தட்டு வேண்டும் என்று அவன் பாட்டாவிடம் சொல்ல வேண்டும். பென்சில் வேண்டாம், கரித்துண்டால் சுவரில் கோடு போடட்டும்.